வரலாறு ஆனர்ஸ் எடுக்கலாமா? – கேள்வி பதில்

இருபத்தாறு வருஷம் கல்லூரியில் வரலாறு நடத்தியவன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், கேளுங்கள் என்றேன். கொட்டிவிட்டீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கே: மூணு வருஷ பி.ஏ.வுக்கும் நாலு வருஷ ஆனர்ஸுக்கும் என்ன வித்தியாசம் சார்?

யு.ஜி.சி. கணக்கில் மூன்று வருஷத்துக்கு 120 கிரெடிட், நான்குக்கு 160. நான்காம் வருஷம் ஆய்வேடு எழுதும் பிரிவுக்குப் போக முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். நாலு வருஷப் பட்டத்தை 75 சதவீதத்தோடு முடித்தால் எம்.ஏ. இல்லாமலே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதலாம், பிஎச்.டி.க்கும் போகலாம் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு). டெல்லி பல்கலைக்கழகம் 2022-ல் இந்த முறைக்கு மாறியது. சேர்க்கை சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக. இந்த முறை தேசியக் கல்விக் கொள்கையில் வந்தது. தமிழ்நாட்டு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, ஆகவே நம் அரசுக் கல்லூரிகளில் பி.ஏ. வரலாறு மூன்றே வருஷம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கே: வரலாறு படிச்சா வேலை கிடைக்குமா?

பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முடித்தால் பள்ளி. எம்.ஏ., பி.எட். என்றால் முதுகலை ஆசிரியர் தேர்வு. நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) இருந்தால் கல்லூரி. டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. எப்போதும் உண்டு. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் இடம் குறைவு.

கே: வரலாறு மேஜர். மைனர் பொருளாதாரமா, உளவியலா? எது மார்க்கெட்டில் போகும்?

மார்க்கெட் எனக்குத் தெரியாது. பொருளாதாரம் எதற்கு என்று மட்டும் சொல்கிறேன்.

1876–78 பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்பார்களே, அதுதான். நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஒரு அணா போதும் என்று, பஞ்சத்தைக் கவனிக்க ஆங்கில அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு இது காணாது என்று மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். இருவரில் யார் சரி? மனச்சாட்சியை மட்டும் வைத்துச் சொன்னால் அது மேடைப்பேச்சு. 450 கிராம் தானியத்தில் எத்தனை கலோரி, அந்த ஒரு அணாவுக்கு அன்றைய சந்தையில் என்ன கிடைத்தது, ரயில் தானியத்தைக் கொண்டுவந்ததா கொண்டுபோனதா என்று கணக்குப் போட வேண்டும். மழை ஏன் பொய்த்தது என்று கேட்டால் 1877-ன் எல் நினோ (பசிபிக் கடல்நீர் சூடேறும் நிகழ்வு) வரும், அது வானிலையியல். அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் வருவாய்த் துறைக் கோப்பைப் பிரித்தால், அதே எண்கள் வேறு மாதிரிப் பேசும்.

மைனர் என்பது உங்கள் கையில் ஒரு கருவி. உளவியல் பிடித்திருந்தால் தாராளமாக எடுங்கள். சும்மா சான்றிதழில் இன்னொரு வரி வேண்டும் என்று மட்டும் எடுக்காதீர்கள்.

கே: கல்வெட்டு வாசிக்க எங்கே கற்றுக்கொள்வது ஐயா?

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே துறை உண்டு. மாநிலத் தொல்லியல் துறையும் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. எங்கே சேர்ந்தாலும் மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுப்பது, எடுத்துப் பழகுங்கள். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கிய பிறகு மை ஒற்ற வேண்டும். முதல் தாள் கட்டாயம் கிழியும். கிழியாமல் வந்தாலும் படிக்க வராது. சோழர் எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே நிற்கும்.

கே: சார், ஹிஸ்டரி எடுத்தா ஜாப் ஸ்கோப் எப்படி?

இரண்டாவது பதில்.

கே: யாழ்ப்பாணத்திலிருந்து கேக்கிறன். சிறப்புக்கலை எடுக்கிறதோ, பொதுக்கலையோ?

அங்கே சிறப்புக்கலை நான்கு வருஷம், பொதுக்கலை மூன்று. அதற்குமேல் உங்கள் துறைத் தலைவரைக் கேட்பதே நல்லது தம்பி.

கே: 'ஹெரிடேஜ் அண்ட் டூரிசம்' கலந்த பி.ஏ. சேரலாமா?

நான் எப்போதும் கத்துவது இதைத்தான்: பட்டத்தின் பெயரைப் பாருங்கள். பெயர் 'வரலாறு' என்று இல்லையென்றால், அது வரலாற்றுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேருமுன் கேட்டுவிடுங்கள். என் மாணவி ஒருத்தி எல்லாத் தாளிலும் முதல் வகுப்பு, ஆசிரியர் தேர்விலும் தேறினாள். சான்றிதழ் சரிபார்ப்பில் 'ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. எங்கம்மா?' என்றார்கள். அவளைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

கே: வரலாற்று மாணவருக்கு இயற்பியல் எதுக்கு? ஆய்வகம் தேதி சொன்னா எழுதிக்க வேண்டியதுதானே. கீழடி கி.மு. 580-னு அமெரிக்க லேபே சொல்லிடுச்சே. (மதுரைக்காரர்)

வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு வந்த தேதி அது. 2019-ல் மாநிலத் தொல்லியல் துறை அறிக்கையாக வெளியிட்டது. ஆனால் ஆய்வகம் அளப்பது கரி, நெல் போன்ற உயிர்ப்பொருளில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கார்பனை, பானையை அல்ல. கார்பன் அளவை நாட்காட்டி வருஷமாக மாற்ற ஒரு வளைகோடு உண்டு. அந்தக் கோடு சுமார் கி.மு. 800-லிருந்து 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. ஹால்ஸ்டாட் சமவெளி என்பார்கள். அந்த நானூறு வருஷத்துக்குள் விழுந்த எந்தப் பொருளும், ஊர் எதுவானாலும், ஒரே வருஷமாகச் சுருங்காது. 580 நட்டநடுவில் விழுகிறது.

கே: அப்போ கீழடி பொய்யா? டெல்லிக்காரன் சொல்றதையே நீங்களும் சொல்றீங்க! (அதே மதுரைக்காரர்)

இல்லை அண்ணே. தட்டைக் கோடு நம்மைப் பிந்தித் தள்ளாது, முந்தியும் தள்ளாது. ஒற்றை எண்ணைக் கொடியாகப் பிடிக்காதீர்கள், அவ்வளவே.

கே: பழைய மரத்தின் கரியாக இருந்தால் இன்னும் சிக்கல் அல்லவா? (கோவை, ஆசிரியை)

ரொம்பச் சரி. முந்நூறு வருஷ மரத்தின் உள்வயிரம் எரிந்த கரி, அடுப்பு மூட்டிய நாளைச் சொல்லாது. அதனால்தான் பழனிப் பக்கத்து அகழாய்விடமான பொருந்தல் முக்கியம். அங்கே பானைக்குள் நெல்லே கிடைத்தது, கூடவே எழுத்துப் பொறித்த பிரிமனையும் (பானை தாங்கி). நெல் ஒரு போகத்துப் பயிர், அறுத்த வருஷத்தைத்தான் சொல்லும். அதற்கு வந்த தேதி கி.மு. 490. அதுவும் அதே சமவெளியில்தான் விழுகிறது என்பது வேறு வேதனை.

கே: வரலாறு எடுத்தால் வேலை…

மேலே.

கே: நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம். ஒரே குழியின் மேலடுக்கு, கீழடுக்கு மாதிரிகளை வரிசையோடு சேர்த்துக் கணக்கிட்டால் அந்த அகலம் குறையுமே? 'கீழே இருப்பது மூத்தது' என்பதே ஒரு தகவல்தானே?

குறையும். பேய்ஸியன் கணக்கு என்று அதையே செய்கிறார்கள். ஆனால் எலி வளை, குப்பைக்குழி, பழைய கிணறு எதுவும் அடுக்கைக் கலைக்கவில்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். அது கம்ப்யூட்டரில் தெரியாது, குழிக்குள் இறங்கி மண்ணின் நிறத்தைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு எம்.ஏ. தொல்லியல் எண்ணம் உண்டா? சில இடங்களில் எந்தப் பட்டதாரியும் சேரலாம். விண்ணப்பிக்குமுன் தகுதிப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

மதுரைக்காரரே, இந்தப் பையனிடம் கேளுங்கள், நான் சாப்பிடப் போகிறேன்.