கவிழ்த்துப் பாருங்கள்: பழம்பொருள் கேள்வி-பதில்

கே: விடுமுறை நாளில் தபால், மருந்துக்கடை, செருப்புத் தைப்பது என்று நாலு வேலையை நடந்தே முடித்துவிட்டு வருவேன். வழியில் ஒரு பழம்பொருள் கடை இருக்கிறது. அதற்குள் முதலில் நுழைவதா, கடைசியிலா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

ப: போகும்போது பாருங்கள், வரும்போது வாங்குங்கள். போகும்போது கை காலி, கண்ணும் களைத்திருக்காது. இன்னும் நாலு இடத்துக்குச் சுமக்க வேண்டுமே என்கிற நினைப்பில் ஆசையும் கொஞ்சம் அடங்கியிருக்கும். மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதும் அந்தப் பொருள் மனதைவிட்டுப் போகவில்லை என்றால் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். பாதிக்குமேல் அதற்குள் மறந்தே போயிருக்கும். “எடுத்து வைங்க, வந்து சொல்றேன்” என்றால் சின்ன ஊர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

ஒரு வேலையும் இல்லாமல் பழம்பொருள் தேடவென்றே கிளம்புகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். வெறுங்கையோடு திரும்பக் கூசி, கடைசிக் கடையில் எதையாவது தலையில் கட்டிக்கொண்டு வருவார்கள். செருப்புத் தைத்தாயிற்று, தபால் போட்டாயிற்று என்று இருப்பவருக்கு அந்த அவதி இல்லை.

பையில் ஒரு சின்னக் காந்தம், பூதக்கண்ணாடி, டார்ச் போதும். பித்தளை என்று சொல்லப்படும் மெழுகுவத்தித் தாங்கியில் காந்தம் ஒட்டிக்கொண்டால், உள்ளே இரும்பு, மேலே பூச்சு. கடைக்காரரிடம் வாதாட வேண்டாம். காந்தத்தை எடுத்துப் பையில் போட்டாலே அவருக்குப் புரிந்துவிடும்.

கே: ஒரு மரப்பெட்டி வாங்கினேன். நூற்றைம்பது வருஷப் பழசு என்றார்கள். எப்படி உறுதி செய்வது?
– பெட்டிக்காரி

ப: முன்பக்கத்தை மறந்துவிடுங்கள். பாலிஷ் போட்டவர் கெட்டிக்காரராக இருந்தால் அது எதையும் காட்டிக்கொடுக்காது. பெட்டியைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி மாதிரி பள்ளம் இருந்தால், அது அமெரிக்காவில் 1936-இல் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ் வகை. நூற்றைம்பது வருஷப் பெட்டிக்குள் அது எப்படி வந்தது என்று கேட்கலாம். உடனே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், யாராவது பின்னாளில் கீலை மாற்றியிருக்கலாம். அப்படியென்றால் பக்கத்திலேயே பழைய துளையோ, கழற்றிய கீலின் தடமோ மரத்தில் தெரியும்.

ஒற்றைக் கோடு போட்ட ஸ்க்ரூ என்றால் ஒன்றை மட்டும் மெதுவாகக் கழற்றுங்கள். கோடு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் விலகி, மரைகள் ஏறுமாறாக, முனை மொட்டையாக இருந்தால் சந்தோஷப்படலாம். கூர்முனை ஸ்க்ரூ பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அதற்கு முந்தையவற்றை முதலில் துளை போட்டுத்தான் இறக்க முடியும்.

பெட்டிக்குப் பொருந்தாது என்றாலும் இன்னொன்று சொல்லிவிடுகிறேன். பழைய வட்ட மேஜை கிடைத்தால் இரண்டு திசையில் டேப் வைத்து அளந்து பாருங்கள். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். அதனால் மிகப் பழைய பலகை மேஜை கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்கும். அச்சு அசல் வட்டமாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

கே: இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட பழைய கைக்கடிகாரம் கிடைத்தது. இப்போது ஒளிரவில்லை. ரேடியம் தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? திறந்து சுத்தம் செய்யலாமா?
– கடிகாரப் பிரியர்

ப: திறக்காதீர்கள். தீர்ந்தது ரேடியம் அல்ல, அதோடு கலந்திருந்த துத்தநாக சல்பைடு. ரேடியத்தின் கதிர்வீச்சு படும்போது ஒளிர்வது அந்தத் துத்தநாக சல்பைடுதான். அது சில பத்தாண்டுகளில் சிதைந்து மங்கிவிடும். ரேடியம்-226 பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 ஆண்டு ஆகும். அதாவது விளக்கு அணைந்துவிட்டது, அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்தப் பூச்சின் கதை கொடுமையானது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இளம்பெண்கள் கடிகார முகப்புகளில் இதை எழுதினார்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. அந்த முகப்புகளில் ஒன்று உங்கள் மணிக்கட்டுக்கும் வந்திருக்கலாம்.

மூடியிருக்கும்வரை பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் தினமும் கட்டாதீர்கள், தலையணைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், குழந்தைகளிடம் தராதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டு, உள்ளே பழுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தால் வாங்கவே வேண்டாம். ஆபத்து அந்தத் தூளை மூச்சில் இழுப்பதில்தான். பழுது பார்க்கக் கொடுத்தால் ரேடியம் முகப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகப்பின் அடியில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லுக்கு இருபுறமும் ‘டி’ (T) என்ற எழுத்து இருந்தால் அது ரேடியம் அல்ல, ட்ரிடியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள். பாதியாக 12 ஆண்டு சொச்சம்தான் ஆகும் என்பதால் அது உண்மையிலேயே ஓய்ந்து வருகிற பொருள்.

கே: பீங்கான் தட்டின் அடியில் ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்று இருக்கிறது. சாப்பிடலாமா?
– ஒரு வாசகி

ப: வயது கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான தட்டு கிடைக்காது. ஜப்பான் நேச நாடுகளின் பிடியில் இருந்தது 1945 முதல் 1952 வரை. வெறும் ‘நிப்பான்’ (ஜப்பானுக்கு ஜப்பானிய மொழிப் பெயர்) என்றிருந்தால் பெரும்பாலும் 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது. போலி முத்திரையும் உண்டு, பூதக்கண்ணாடியில் பாருங்கள். விரலால் சுண்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல். சாப்பிட வேண்டாம். பழைய மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம், புளிப்பும் சூடும் அதை வெளியே இழுக்கும். சுவரில் மாட்டுங்கள்.

கே: கனமான பழைய இசைத்தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா?
– இசைப் பைத்தியம்

ப: ஐயோ, வேண்டாம். நிமிடத்துக்கு 78 சுற்று தட்டுகளில் பெரும்பாலானவை அரக்குக் கலவை. அரக்கு ஆல்கஹாலில் கரையும், பாட்டும் கூடவே போய்விடும். மெல்லிய துணி, கொஞ்சம் தண்ணீர், நடுவிலுள்ள காகிதச் சீட்டில் ஈரம் படாமல். 1948-இல் வந்த எல்பி தட்டு வினைல் என்ற பிளாஸ்டிக், அதன் கதை வேறு.

கே: இத்தனை நடந்தும் என் போன் பத்தாயிரம் அடி காட்டுவதே இல்லை. போதாதா?
– நடையாளர்

ப: அந்தப் பத்தாயிரம் ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்த கணக்கல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பழைய அடிமானி எங்காவது கண்ணில் பட்டால் எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள்.

கே: பழைய புத்தகத்துக்குள் யாரோ யாருக்கோ எழுதிய தபால் அட்டை இருந்தது. ஒரு பக்கம் முகவரி மட்டும். சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறார்கள். என்ன செய்வது?
– புத்தகப் புழு

ப: முகவரிப் பக்கத்திலேயே சேதியும் எழுதலாம் என்று பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது, அமெரிக்கா 1907-இல். அதற்கு முன் முகவரிக்கு மட்டுமே ஒரு பக்கம், எனவே சேதி படத்தின் ஓரத்தில் ஒண்டியிருக்கும். தபால் முத்திரையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தேதி பிடிபடலாம். குறிப்பு எழுதினால் பென்சிலில், அட்டையில் அல்ல, உறையின் மேல். டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் அந்த உறையிலேயே குறித்து வையுங்கள்.