டூரிஸ்ட் வந்தா ஊருக்கு காசுதானே, லிஸ்பன்காரங்க ஏன் குறை சொல்றாங்க?

இந்தக் கேள்விய ரெண்டு நாளா தாண்டித் தாண்டிப் போனேன், மனசு கேக்கல. நீங்க போர்ச்சுகல் டிரிப்புக்கு டிக்கெட் போட்டுட்டு, அங்க வீட்டு வாடகைக்காக நடந்த ஊர்வலம் வீடியோவ பாத்துட்டு கேக்கறீங்கனு நினைக்கிறேன்.

நான் 2015-ல படிக்கப் போனப்ப அல்ஃபாமால 230 யூரோவுக்கு ஒரு ரூம் எடுத்தேன். அப்ப அந்த நாட்ல மினிமம் சம்பளமே மாசம் 505 யூரோதான். 1755 பூகம்பத்துல லிஸ்பன் நொறுங்கினப்ப பெரும்பாலும் தப்பிச்ச ஏரியா அது, ரெண்டு பேர் எதிர்ல வந்தா தோள் இடிக்கிற சந்து, ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயும். கீழ் வீட்ல ஒரு பாட்டி, கல்யாணம் ஆகி அதே வீட்டுக்கு வந்தவங்க. நம்ம ஊர்ல பதுவை அந்தோணியார்னு கும்பிடறோமே, அவர் பொறந்தது லிஸ்பன்லதான், ஜூன்ல அவர் திருவிழாவுக்கு பாட்டி வாசல்லயே அடுப்பு மூட்டி மத்தி மீன் சுடுவாங்க. எனக்கு ஒரு சின்ன தொட்டியில மஞ்ஜெரிக்கு செடி குடுத்தாங்க, நம்ம துளசிக்கு சொந்தம். நேரா மூக்க வெச்சா செடி வாடிடுமாம். என் கையப் புடிச்சு இலை மேல தடவிட்டு, இப்ப உள்ளங்கைய மோந்து பாருன்னாங்க.

2011-ல கடன் தாங்காம வெளியில 7,800 கோடி யூரோ வாங்கின நாடு அது, பணம் எந்த வழியா வந்தாலும் போதும்னு இருந்தாங்க. 2012-ல பழைய வாடகைதாரருக்கு இருந்த பாதுகாப்ப தளர்த்தினாங்க, அதே வருஷம் வெளிநாட்டுக்காரங்க 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினா அங்க தங்க அனுமதி குடுக்கற கோல்டன் விசா வந்துச்சு, 2014-ல வீட்ட டூரிஸ்டுக்கு நாள் வாடகைக்கு விடறதையும் சுலபமாக்கிட்டாங்க. எங்க பில்டிங் 2017-ல கை மாறுச்சு. ஒவ்வொரு வீடா காலியாச்சு, காலியான கதவு பக்கத்துல எல்லாம் டூரிஸ்ட் தானே சாவி எடுத்துக்கற மாதிரி நம்பர் திருகற கீ பாக்ஸ் வந்துச்சு. ராத்திரி 2 மணிக்கு கல் படியில டிராலி சக்கரம் டக் டக்குனு ஏறும், மாடி மாறி என் கதவத் தட்டுவாங்க. கடைசியா பாட்டிக்கும் வீட்ட காலி பண்ணச் சொல்லி லெட்டர். ஆத்துக்கு அந்தப் பக்கம் பர்ரெய்ரோல மக வீட்டுக்கு, ஃபெர்ரில போகணும், சாமான தூக்கி விட்டது நான்தான். ஜன்னல்ல இருந்த துணிக் கொடி கப்பிய மட்டும் விட மாட்டேன்னு ஸ்க்ரூ டிரைவர் கேட்டு அவங்களே கழட்டினாங்க. அல்ஃபாமால புது டூரிஸ்ட் வீட்டு லைசன்ஸ நிறுத்தி வெச்சது 2018-ல.

நீயும் வெளியூர்க்காரன்தானே, உன்னாலயும்தானே வாடகை ஏறுச்சுன்னு கமெண்ட்ல கேப்பீங்க. கேளுங்க, தப்பில்ல, நானே யோசிச்சிருக்கேன். டூரிசத்தால வேலை கிடைச்சவங்க நிறைய, எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் ஹோட்டல் கிச்சன்லதான் சம்பாரிச்சான், அத மறுக்கல. ஆனா அவன் தினமும் ஒன்றரை மணி நேரம் தள்ளி இருந்து வந்தான், வேலை பாத்த தெருவுல ஒரு கட்டில் எடுக்கக்கூட சம்பளம் பத்தல. 2024-ல மினிமம் சம்பளம் 820 ஆயிடுச்சுதான், என் பழைய ரூமுக்கு அந்த வருஷம் சொன்ன வாடகை 650.

இன்னொண்ணும் சொல்லியாகணும், கேள்விக்கு சம்பந்தமில்ல. என் ஹவுஸ் ஓனர் கடைசி வரைக்கும் வாடகை ரசீதே தரல, டாக்ஸ் கட்டணுமேன்னு. ரசீது இல்லாம அட்ரஸ் ப்ரூஃப் இல்ல, ப்ரூஃப் இல்லாம விசா ரினியூவல் நாலு மாசம் இழுத்துச்சு, அதுல தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வர முடியல. அது இன்னும் ஆறல.

நீங்க தாராளமா போங்க, நல்ல ஊரு. ரூம் எடுக்கறதா இருந்தா ஹோட்டல்ல எடுங்க, குடித்தன பில்டிங்ல வேண்டாம். அல்ஃபாமா வழியா போற 28-ம் நம்பர் டிராம்ல ஏறி ஃபோட்டோ எடுக்கணும்னா காலைல 7 மணிக்கே போயிடுங்க. அது ஏறி இறங்கற மேட்ட எல்லாம் பையத் தூக்கிட்டு நடக்க முடியாத வயசானவங்க இன்னும் கொஞ்ச பேர் அங்க இருக்காங்க, பத்து மணிக்கு மேல அவங்களுக்கு நிக்கக்கூட இடம் கிடைக்கறதில்ல.