தீக்காயத்தில் பூஞ்சை: ஸ்வாப் வந்த பிறகும் பயாப்ஸி எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 42. உடலில் 35 சதவீதம் தீக்காயத்துடன் மூன்றாவது வாரமாக மருத்துவமனையில் இருக்கிறார். வீரியமான ஆன்டிபயாட்டிக் போட்டும் காய்ச்சல் விடவில்லை. புண்ணில் எடுத்த ஸ்வாப்பில் பூஞ்சை வளர்ந்திருக்கிறதாம். இத்தனை மருந்துக்கு நடுவே அது எப்படி வந்தது? பயாப்ஸி எடுக்க வேண்டும் என்கிறார்கள். புண்ணை மறுபடி வெட்டத்தான் வேண்டுமா?

பதில்: பயாப்ஸிக்கு, அதாவது சிறு திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பதற்கு, சம்மதியுங்கள், தள்ளிப்போட வேண்டாம். பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுக்கும் ஸ்வாப், புண்ணின் மேற்பரப்பில் இருப்பதை மட்டுமே காட்டும். தீக்காயத்தின் மேல் பூஞ்சை ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். அது அடியில் உள்ள உயிருள்ள திசுவுக்குள் இறங்கிவிட்டதா என்பதுதான் இப்போது தெரிய வேண்டும். அதனால்தான் கருகிய திசுவோடு அதன் அடியில் உள்ள நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். ஒரு பாதி, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டு நுண்ணோக்கிப் பரிசோதனைக்குப் போகும். மறுபாதி ஃபார்மலின் படாமல் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, போக வேண்டும். பட்டால் எதுவும் வளராது.

பூஞ்சை வந்ததில் அந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் பங்கு உண்டு. அதற்காக மருந்து கொடுத்தது தவறு என்று ஆகிவிடாது. குடலிலும் தோலிலும் கேண்டிடா என்ற பூஞ்சை இயல்பாகவே கொஞ்சம் இருக்கும். அதை அடக்கி வைத்திருக்கும் பாக்டீரியாக்கள் மருந்தில் அழியும்போது அது பெருகுகிறது. போதாததற்கு, கருகிய தோல் ஈரமான இறந்த புரதம். அதில் ரத்த ஓட்டம் இல்லை. கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணுவும் எட்டாது, ஊசி வழியாகப் போகும் மருந்தும் எட்டாது. பெரிய தீக்காயம் உடல் முழுவதுமே எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது: வெள்ளணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை, சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. கழுத்து ரத்த நாளத்தில் போட்ட குழாய், சிறுநீர்க் குழாய் எல்லாம் கிருமி நுழையும் வழிகள். முதல் வாரத்தில் பெரும்பாலும் பாக்டீரியாதான் தொல்லை தரும். பூஞ்சை இரண்டாவது வாரத்துக்குப் பிறகு தலைகாட்டுவது வழக்கம். உங்கள் கணவர் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறார்.

காய்ச்சலை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பெரிய தீக்காயத்தில் தொற்றே இல்லாமலும் உடல்சூடு 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். ரத்த கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை என்பதும் முழு ஆறுதல் இல்லை. கேண்டிடாவே பல நேரம் அதில் சிக்காது, ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அநேகமாகச் சிக்கவே சிக்காது. டிரெஸ்ஸிங் பிரிக்கும்போது புண்ணைப் பார்ப்பது முக்கியம். நேற்று சிவப்பாக இருந்த இடம் இன்று கருப்பாகவோ ஊதாவாகவோ மாறுவது, மேலோட்டமாக இருந்த புண் திடீரென ஆழமாவது, கருகிய தோல் எதிர்பார்த்ததற்கு முன்பே கழன்று வருவது, ஒட்டுத் தோல் பிடிக்காமல் போவது: இதில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ், மியூகார், ஃப்யூசேரியம் போன்ற பூஞ்சைகள் ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும்; அடைபட்ட குழாயை நம்பியிருந்த திசு சில மணி நேரத்திலேயே சாகும்.

திசுவுக்குள் இறங்கியது உறுதியானால் மருந்து மட்டும் போதாது. கெட்ட திசு முழுவதையும், ரத்தம் கசியும் நல்ல திசு தெரியும் வரை அறுத்து எடுக்க வேண்டும். மருந்தும் பூஞ்சைக்குப் பூஞ்சை மாறும். கேண்டிடாவுக்கு கேஸ்போஃபங்கின் போன்றவை, ஆஸ்பெர்ஜில்லஸுக்கு வோரிகோனசோல். மியூகாருக்கு வோரிகோனசோல் வேலை செய்யாது. லிப்போசோமல் ஆம்போடெரிசின் வேண்டும். பூஞ்சையின் பெயர் தெரிவது ஏன் இவ்வளவு அவசியம் என்பது இதில் புரியும். பெயர் வரும்வரை காத்திராமல் மருந்தை முன்கூட்டியே தொடங்குவதும் உண்டு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

உங்கள் கையிலும் சில காரியங்கள் இருக்கின்றன. அவரைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள். தொட்டிச் செடியும் பூங்கொத்தும் அறைக்குள் வேண்டாம். மண்ணிலும் அழுகும் இலையிலும் பூஞ்சை வித்துகள் இருக்கும். கழுத்துக் குழாய் இன்னும் தேவைதானா, வாய் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ உணவு கொடுக்க முடியுமா என்று தினமும் கேளுங்கள். வெளியிலிருந்து களிம்போ எண்ணெயோ கொண்டுவந்து புண்ணில் தடவாதீர்கள். குறிப்பாக ஸ்டீராய்டு கலந்த களிம்பு அறவே கூடாது.