இணையத்தளத்தில் எடிற்றர் பொருத்துவது: கேள்வி பதில்

கொக்குவில்: சனசமூக நிலையத்துக்கு இணையத்தளம் செய்கிறேன் அண்ணா. செய்தி எழுதும் எடிற்றராக (வேர்ட் போலப் பக்கத்திலேயே எழுதி வடிவமைக்கும் பெட்டி) டைனிஎம்சிஇ நல்லதா, சிகேஎடிற்றர் 4 நல்லதா?

சிகேஎடிற்றர் 4 வேண்டாம் தம்பி. அதன் இலவசத் திருத்தங்கள் 2023 ஜூனோடு நின்றுவிட்டன. டைனிஎம்சிஇயை இறக்கி உங்கள் சேர்வரிலேயே வையுங்கள். 7ஆம் பதிப்பு முதல் எடிற்றர் அமைப்பில் லைசன்ஸ் கீ என்ற இடத்தில் ஜிபிஎல் (திறமூல உரிமத்தின் பெயர்) என்று கொடுக்க வேண்டும். கருவிப்பட்டையில் தலைப்பு, தடிப்பு, பட்டியல், இணைப்பு, படம் போதும். நிறப் பட்டனை விட்டுவைத்தால் செய்திக்கொரு நிறம் வரும். சாய்வெழுத்தையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்வு வடிவமே இல்லை, பிரவுசர்தான் நேர் எழுத்தைச் சரித்துக் காட்டுகிறது.

முக்கியமானது இது: எடிற்றரிலிருந்து வருவதை அப்படியே சேமிக்காதீர்கள். தளம் பிஎச்பி மொழியில் எழுதியது என்றால் எச்டிஎம்எல் பியூரிஃபையரில் (ஆபத்தான நிரல் துண்டுகளை நீக்கும் கருவி) வடிகட்டிய பிறகுதான் டேற்றாபேஸுக்குப் போக வேண்டும்.

மானிப்பாய்: கருத்துக்கு 250 எழுத்து எல்லை வைத்தேன். பாதியிலேயே நிற்கிறது என்கிறார்கள்.

நல்ல கேள்வி. ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லில் நாம் எண்ணினால் 6 எழுத்து. யூனிகோடில் (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) புள்ளியும் கால் குறியும் தனித்தனி என்பதால் ஜாவாஸ்கிரிப்ட் அதை 11 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்ட்ல் செக்மென்டரால் எண்ணுங்கள், 6 வரும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அதே சொல் 33 பைட். மைஎஸ்கியூஎல் டேற்றாபேஸின் டெக்ஸ்ட் வகை 65,535 பைட்டோடு முடிந்துவிடும். நீண்ட கட்டுரைகளுக்கு மீடியம்டெக்ஸ்ட் வையுங்கள்.

சுன்னாகம்: எங்கட அச்சகத்தில் எல்லாம் பழைய பாமினி எழுத்துருதான். எழுத்துருப் பட்டியலில் பாமினியையும் சேர்த்துவிடலாமா?

சேர்க்காதீர்கள் அண்ணை. பாமினியில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள், தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை மட்டும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

அதே சுன்னாகம் அண்ணை: எழுத்துருவைத் தளத்திலேயே ஏற்றிவிட்டால் போனிலும் தெரியும்தானே?

தெரியும், தளத்துக்குள் மட்டும். ஒரு மரண அறிவித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் இறந்தவரின் பெயரைக் கூகுளில் தேடினால் உங்கள் பக்கம் வராது. வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிர்ந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குழப்பம் நிற்கும். கண் தெரியாதவரின் திரைவாசிப்பான் அந்தக் குழப்பத்தைத்தான் படிக்கும்.

பருத்தித்துறை: தலையிடுவதற்கு மன்னிக்கவும். இருபது வருடம் பாமினியில் தட்டியவர் இனி எப்படிப் புதிதாகப் பழகுவார்? அவரை ஒதுக்குகிறீர்கள்.

யாரையும் ஒதுக்கச் சொல்லவில்லை. இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகை இருக்கிறது. விரல் பழகிய அதே விசைகள், எழுத்து யூனிகோடில் விழும். பழகியது விசைகளைத்தானே? அவை அப்படியே இருக்கட்டும்.

சுன்னாகம்: பழைய கோப்புகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. தளத்துக்குப் போவதை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பாமினிப் பந்திக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாகிக் குழம்பியிருக்கும்.

நல்லூர்: வேர்டிலிருந்து ஒட்டினால் இடைவெளி தாறுமாறாகிறது.

வெறும் எழுத்தாக ஒட்டுங்கள்: கன்ட்ரோல், ஷிஃப்ட், வி.

சாவகச்சேரி: எடிற்றரே ஸ்கிரிப்டை நீக்குகிறதே, பிறகேன் சேர்வரில் வடிகட்ட வேண்டும்?

எடிற்றரைத் திறக்காமலே உங்கள் படிவ முகவரிக்கு யாரும் எதையும் அனுப்பலாம். அதனால் சேர்வரில் வடிகட்டுங்கள்.

கோண்டாவில்: பிள்ளைகள் கருத்து எழுதுவதற்கு மட்டும் குவில் என்ற எடிற்றரைப் போடுகிறேன். அதற்குமா வடிகட்டல்?

அதற்கும். எந்த எடிற்றர் என்றாலும்.

திருநெல்வேலி: படம் போட்டால் சேமிக்க மறுக்கிறது.

படம் பேஸ்64 ஆக, அதாவது நீண்ட எழுத்துச் சரமாக மாறி, கட்டுரைக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கும், அளவும் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். படத்தைத் தனிக் கோப்பாக ஏற்றும் முகவரியை எடிற்றர் அமைப்பில் கொடுங்கள் தங்கச்சி. அந்த முகவரியில் கோப்பு உண்மையிலேயே படம்தானா என்று சேர்வர் பார்க்க வேண்டும்.

வட்டுக்கோட்டை: பாமினியைப் பட்டியலில் சேர்ப்பது எப்படி?

மேலே சுன்னாகம் அண்ணைக்குச் சொன்னதை வாசியுங்கள்.