விவசாயத் திறன் கூடினால் நாடு ஏன் வளர்கிறது?

விவசாயத் திறன் என்பது அதே நிலம், அதே தண்ணீர், அதே ஆள்பலத்தில் கூடுதல் விளைச்சல் எடுப்பது. வீட்டில் ஐந்து பேரும் நாள் முழுக்க அடுப்படியிலேயே நின்றால் சம்பாதிக்க யார் போவது? இரண்டு பேரே சமைத்து முடித்தால் மற்ற மூவர் வேலைக்குக் கிளம்பலாம். நாட்டுக்கும் இதே கணக்குதான்.

வியட்நாமைப் பாருங்கள். கூட்டுப் பண்ணைக் காலத்தில் எவ்வளவு பாடுபட்டாலும் நெல் பொதுக் களஞ்சியத்துக்குத்தான் போகும். பிறகு யார் வரப்பு வெட்டி, களை பறிப்பார்கள்? அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டிய நிலை. 1988-இல் நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் பல ஆண்டுகளுக்கு விட்டு, மிஞ்சும் நெல்லை விற்றுக்கொள்ளவும் அனுமதித்தார்கள். மறு வருடமே 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி! விவசாயி கையில் காசு புழங்கியது, கடைகளில் வியாபாரம் நடந்தது. பின்னாளில் அடுத்த தலைமுறை ஆடை, காலணித் தொழிற்சாலைகளுக்குப் போனது. (அந்தத் தொழிற்சாலைகள் இல்லாவிட்டால் மிஞ்சும் ஆட்கள் நகரத்தில் வேலையின்றி அலைய வேண்டியதுதான். இதைப் பலர் சொல்வதில்லை.)

டிராக்டர் வந்தால்தான் திறன் கூடும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: அந்த வருடங்களில் வியட்நாமின் பல வயல்களை உழுதது எருமைதான்.