18 வயதில் சுஷ்மிதா சென் மிஸ் யுனிவர்ஸ் ஆனது எப்படி?

பெரிய டிசைனர் யாராவது பின்னால் இருந்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி யாரும் இல்லை. டெல்லியில் வளர்ந்த நடுத்தரக் குடும்பத்துப் பெண் அவர். 1994 மிஸ் இந்தியா மேடையில் அவர் போட்டிருந்த கவுனுக்கு சரோஜினி நகர் சந்தையில் துணி வாங்கி, பக்கத்தில் ஒரு கேரேஜில் பாவாடை தைக்கும் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தார்கள். கையுறை? புது கறுப்பு சாக்ஸை வெட்டி, எலாஸ்டிக் வைத்துச் செய்தது. இதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் கிரீடத்தைவிட இந்த சாக்ஸ்தான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, போட்டிக்கு வருவோம். இறுதியில் அவரும் ஐஸ்வர்யா ராயும் சமமாக நின்றார்கள். இந்தியாவின் துணி மரபு பற்றிக் கூடுதலாக ஒரு கேள்வி. மகாத்மா காந்தியின் கதரிலிருந்து பதிலைத் தொடங்கிய சுஷ்மிதா பட்டத்தை வென்றார்.

அப்போது மிஸ் இந்தியா பட்டம் வென்றவர் மிஸ் யுனிவர்ஸுக்கும், இரண்டாம் இடம் பெற்றவர் மிஸ் வேர்ல்டுக்கும் போவார்கள். அப்படித்தான் சுஷ்மிதா மணிலா போனார். பெண்ணாக இருப்பதன் சாரம் என்ன என்பது அங்கே கடைசிக் கேள்வி. தாய்மையையும், அன்பு காட்டுவது எப்படி என்று ஆணுக்குக் கற்றுத்தருவதையும் பற்றிப் பேசினார். 1994 மே மாதம், முதல் இந்திய மிஸ் யுனிவர்ஸ். அதே ஆண்டு நவம்பரில் ஐஸ்வர்யா மிஸ் வேர்ல்டு ஆனார்.