தினமும் பாக்கெட்ல ஒரு மடக்கு கத்தி: "பாதுகாப்புக்கு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். நான் சரக்குக் கப்பல்ல இன்ஜினியரா இருக்கேன். பழைய மாடல் பாக்கெட் கத்தி சேக்குறது பத்து வருஷப் பழக்கம், இப்ப முப்பதுக்கு மேல இருக்கு. அதுல ஒண்ணு தினமும் பாக்கெட்ல இருக்கும், கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க, பழம் வெட்ட. போன டிரிப்ல ஒரு வெளிநாட்டு துறைமுக கேட்ல செக் பண்ணி போலீஸ்கிட்ட ஒப்படைச்சுட்டாங்க. எதுக்கு வெச்சிருக்கேன்னு கேட்டதுக்கு பதட்டத்துல "சும்மா ஒரு பாதுகாப்புக்கு"ன்னு சொல்லிட்டேன். மூணு மணி நேரம் உக்கார வெச்சு, கத்திய வாங்கிக்கிட்டு விட்டாங்க, கேஸ் எதுவும் போடல. அது ஒப்பினல்ங்கற பிரெஞ்சு கம்பெனியோட 8ஆம் நம்பர், மரப்பிடி போட்ட சாதாரண கத்தி. இனிமே எடுத்துட்டு போகலாமா? வீட்ல இருக்கற கலெக்‌ஷனால பிரச்சினை வருமா? இந்தியாவுல வீட்ல இருக்கற தாத்தாவோட மான்கொம்பு பிடி கத்திய வெளிநாட்டுல இருக்கற தம்பிக்கு அனுப்பலாமா?

பதில்:

தம்பி, உங்க கடிதத்துல எனக்கு பெரிய கவலை அந்த கத்தி இல்ல, நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க, பழம் வெட்டன்னு எனக்கு எழுதியிருக்கீங்களே, அதுதானே உண்மை, அத அங்க சொல்லாம "பாதுகாப்புக்கு"ன்னு சொன்னதுதான் மூணு மணி நேரத்துக்கு காரணமா இருக்கும்னு நினைக்கிறேன். நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த வார்த்தைய ஏதோ நல்ல காரணம் மாதிரி சொல்றாங்க. சட்டத்தோட காதுல அது விழற விதமே வேற. பாதுகாப்புக்குன்னா என்ன அர்த்தம், யாராவது வந்தா அவங்க மேல இத பயன்படுத்துவேன்னு அர்த்தம், அதாவது இது கருவி இல்ல ஆயுதம்னு நீங்களே வாக்குமூலம் குடுக்கறீங்க. பிரிட்டன்ல 1953ஆம் வருஷத்து குற்றத் தடுப்புச் சட்டப்படி, காயப்படுத்தணும்ங்கற எண்ணத்தோட வெச்சிருக்கற எந்தப் பொருளும் தாக்கும் ஆயுதம்தான், அது கத்தியாவே இருக்கணும்னு கூட இல்ல. கனடாவோட குற்றவியல் சட்டத்துலயும் ஆயுதம்ங்கறதுக்கு விளக்கம் ஏறக்குறைய இப்படித்தான், ஒருத்தர காயப்படுத்தவோ மிரட்டவோ நினைச்சு வெச்சிருந்தா அது ஆயுதம். அதனால அளவு, மாடல் எல்லாம் சரியா இருக்கற கத்தி கூட நீங்க சொல்ற காரணத்தால குற்றமா மாறலாம். இத சொல்றது உங்களுக்கு பொய் சொல்லிக் குடுக்க இல்ல. நிஜமாவே பாதுகாப்புக்குன்னு ஒருத்தர் கத்தி வெச்சிருந்தா அவருக்கு நான் சொல்றது, தயவுசெஞ்சு வீட்ல வெச்சுட்டு போங்கன்னுதான்.

அடுத்தது, "பழைய மாடல், சாதாரண கத்தி"ன்னு எழுதியிருக்கீங்க. கலெக்டர்ஸ் எல்லாருக்குமே இந்த எண்ணம் இருக்கு, மரப்பிடி, எலும்புப்பிடி, தாத்தா காலத்து டிசைன், இத யாரு தப்பா நினைப்பாங்கன்னு. ஆனா பாரம்பரியக் கத்தின்னு ஒரு தனி வகைய வெச்சு சலுகை குடுக்கற சட்டத்த நான் பாத்ததில்ல. சட்டம் பாக்கறது அந்தக் கத்தி எப்படி திறக்குது, திறந்தப்புறம் லாக் ஆகுதா, பிளேடு எவ்வளவு நீளம், எந்த இடத்துல வெச்சிருந்தீங்க, எதுக்கு வெச்சிருந்தீங்க, இவ்வளவுதான்.

உங்க ஒப்பினலையே எடுத்துக்குவோம், இத விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1890ல ஆரம்பிச்ச டிசைன், ரொம்ப எளிமையானது, ஆனா 1955லருந்து அதுக்கு திருகற வளையம் வந்துடுச்சு, அந்த வளையத்த திருப்பினா பிளேடு மடங்காம நிக்கும். விரல் பத்திரமா இருக்கணும்னு வெச்ச வளையம் அது, பயன்படுத்தறவங்களுக்கு ரொம்ப நல்ல விஷயம். ஆனா பிரிட்டன்ல 1988 குற்றவியல் நீதிச் சட்டத்தோட 139ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல போகாத, அதாவது 7.62 செ.மீ.க்குள்ள இருக்கற மடக்கும் பாக்கெட் கத்திய காரணம் எதுவும் இல்லாமயே பொது இடத்துல வெச்சிருக்கலாம், மத்ததுக்கெல்லாம் தகுந்த காரணம் வேணும், அந்தக் காரணத்த நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான். மடக்கும் கத்தின்னா எந்த நேரமும் சும்மா அழுத்தினா மடங்கணும், பட்டனையோ வளையத்தையோ எடுத்துவிட்டாதான் மடங்கும்னா அது இந்த சலுகைக்குள்ள வராதுன்னு அங்க கோர்ட் தீர்ப்பே இருக்கு. உங்க 8ஆம் நம்பரோட பிளேடு 8.5 செ.மீ., வளையமும் இருக்கு, ரெண்டுலயுமே வெளிய போயிடுது. அதே கம்பெனியோட 5ஆம் நம்பர் வரைக்கும் சின்ன சைஸ்ல வளையம் கிடையாது, 6லருந்துதான் வருது, இத சேக்குறவங்களுக்கு தெரியும், ஆனா இதுதான் சட்டத்தோட கோடும்னு நிறைய பேருக்கு தெரியறதில்ல.

இப்ப அதே கத்தியோட ஜெர்மனி போங்க. அங்க ஆயுதச் சட்டத்தோட 42ஏ பிரிவு, ஒரு கையால திறந்து லாக் ஆகற கத்தியையும், 12 செ.மீ.க்கு மேல பிளேடு இருக்கற மடங்காத கத்தியையும் தான் பிடிக்குது. ஒப்பினல்ல நகத்த வெச்சு ரெண்டு கையால திறக்கணும், அதனால அந்தப் பிரிவுக்குள்ள வராது. ஆனா அதுக்காக நிம்மதியா இருந்துடவும் முடியாது, 2024ல அங்க சட்டத்த இறுக்கிட்டாங்க, திருவிழா மாதிரி பொது நிகழ்ச்சிகள்லயும் நீண்ட தூர ரயில்லயும் கத்திக்கே தடை வந்துருக்கு. பிரான்ஸ்ல, அந்தக் கத்தி பிறந்த நாட்டுலயே, நியாயமான காரணம் இல்லாம வெளிய எடுத்துட்டு போனா குற்றம்தான். ஜப்பான்ல 6 செ.மீ.ங்கறது முக்கியமான எண், அதத் தாண்டின பிளேடுக்கு தக்க காரணம் வேணும், லாக் இல்லாத சின்ன மடக்கு கத்திக்கு கொஞ்சம் விலக்கு இருக்கு, ஆனா 6 செ.மீ.க்கு உள்ள இருந்தாலும் காரணமில்லாம மறைச்சு வெச்சிருந்தா சிறு குற்றங்கள் சட்டம்னு ஒண்ணு தனியா இருக்கு, அதுல பிடிப்பாங்க. உங்ககிட்ட ஹிகோனோகாமிங்கற ஜப்பான் மடக்கு கத்தி இருந்தா, அது அங்கதான் செஞ்சது, அதனால அங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு பாக்கெட்ல போட்டுட்டு இறங்கிடாதீங்க.

அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும், நியூயார்க்ல பல வருஷமா ஆளுங்கள ஜெயிலுக்கு அனுப்பின கிராவிட்டி கத்தி (தலைகீழா பிடிச்சாலோ உதறினாலோ தானா திறக்கறது) தடைய 2019லதான் நீக்கினாங்க. ஃபெடரல், அதாவது மத்திய அரசுக் கட்டிடங்கள்ல 2.5 அங்குலத்துக்கு குறைவான பாக்கெட் கத்திய ஆபத்தான ஆயுதமா சட்டம் கணக்குல எடுக்கறதில்ல, ஆனா கோர்ட் வாசல்ல அந்த எண்ண சொல்லி வாக்குவாதம் பண்ணாதீங்க, கோர்ட்டுக்கு தனி கட்டுப்பாடு உண்டு. இந்தியாவுல ஆயுத விதிகள் பிளேடு 9 அங்குலத்துக்கு நீளமாவோ 2 அங்குலத்துக்கு அகலமாவோ இருக்கறதத்தான் பட்டியல்ல வெச்சிருக்கு, வீட்டு உபயோகம், விவசாயம் மாதிரி வேலைக்கு செஞ்சது அதுல வராது, அதனால பாக்கெட் கத்தி அந்த அளவ நெருங்கவே நெருங்காது. ஆனா டெல்லில 1980லருந்தே பட்டன், ஸ்பிரிங் வெச்ச கத்திகளுக்கு, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் வந்தாலே பொருந்தற மாதிரி தனி அறிவிக்கை இருக்கு. சிங்கப்பூர், மலேசியா துறைமுகம்னா ரொம்ப ஜாக்கிரதையா இருங்க தம்பி, அங்க சட்டப்பூர்வமான நோக்கம் இல்லாம பொது இடத்துல தாக்கும் ஆயுதம் வெச்சிருந்ததுக்கு சிறையோட பிரம்படியும் சட்டத்துல இருக்கு. அந்த ரெண்டு இடத்துலயும் கரைக்கு இறங்கறப்ப கத்தியே வேண்டாம்.

சரி, தினமும் எத வெச்சுக்கறதுன்னு கேட்டா, உங்க முப்பதுல லாக் இல்லாத ஸ்லிப்ஜாயின்ட் கண்டிப்பா இருக்கும். முதுகு ஸ்பிரிங் மட்டும் பிளேட தாங்கி நிக்கற வகை. அதுல "பீனட்"னு சொல்ற மாதிரி சின்ன பேட்டர்ன், பிளேடு 6 செ.மீ.க்குள்ள, ரெண்டு கையால நகக்குழில பிடிச்சு திறக்கறது, இத எடுத்துக்கோங்க. நான் மேல சொன்ன நீளக் கணக்கு எல்லாத்துலயும் அது அடங்கும், ஆனா அடங்கிட்டா போதும்னு அர்த்தம் இல்ல, காரணம் கேக்கற நாட்டுல காரணம் வேணும்தான். வெளிய போறப்ப ஒண்ணு போதும், சேக்குறவங்களுக்கு ரெண்டு மூணு எடுத்துட்டு போற ஆசை வரும், புரியுது, ஆனா ஒரு கத்திக்கு பழம் வெட்டன்னு சொல்லலாம், மூணு கத்திக்கு என்ன சொல்வீங்க.

காரணத்துக்கு ஒரு நேரமும் இடமும் உண்டு, இத மறந்துடாதீங்க. டெக்ல நிக்கறப்ப உங்க பாக்கெட்ல கத்தி இருக்கறது ரொம்ப இயல்பு, அதுக்கு யாரும் விளக்கம் கேக்க மாட்டாங்க. அதே கத்தி அதே பேண்ட்டோட சாயந்தரம் கரைல இறங்கி பார்ல உக்காந்திருக்கப்ப, "வேலைக்கு"ங்கற காரணம் அங்கயே முடிஞ்சு போச்சு. மறந்து பாக்கெட்லயே இருந்துடுச்சுன்னு சொல்லலாம்னு நினைப்பீங்க. மறதி மட்டும் தகுந்த காரணம் ஆகாதுன்னு பிரிட்டன் கோர்ட்டுகள் தெளிவா சொல்லியிருக்கு. எங்கிட்ட வந்த ஒருத்தர், எலக்ட்ரிகல் வேலை பாக்கறவர், லீவு நாள்ல குடும்பத்தோட ஒரு நிகழ்ச்சிக்கு போறப்ப வேலை நாள்ல போட்ட ஜாக்கெட்ட போட்டுட்டு போயிட்டார், உள்பாக்கெட்ல கத்தி இருந்தது அவருக்கே தெரியாது, வாசல்ல ஸ்கேனர் கத்தினப்புறம்தான் தெரிஞ்சது. நல்ல மனுஷன், கடைசில ஒண்ணும் ஆகல, ஆனா எட்டு மாசம் தூக்கம் இல்லாம இருந்தார், அத பாத்ததுலருந்து நான் எல்லார்கிட்டயும் சொல்றது, கப்பல்லருந்து இறங்கற கேங்வே படில கால் வெக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்ட ஒரு தடவ தட்டிப் பாருங்கன்னு. கேபின்ல கதவுக்கு பக்கத்துல ஒரு டப்பா வெச்சு, வெளிய போறப்ப கத்தி அதுல, திரும்பி வந்தா எடுத்துக்கற மாதிரி பழகிடுங்க. கப்பல்ல சேர விமானத்துல போறப்ப கையில எடுத்துட்டு போற பைல வேண்டவே வேண்டாம், செக்-இன் பெட்டில, பிளேடு நல்லா மூடி சுத்தி. அமெரிக்காவுல 2013ல 6 செ.மீ. வரைக்கும் சின்ன கத்திய கேபின்ல அனுமதிக்கலாம்னு ஒரு முடிவு அறிவிச்சாங்க, விமானப் பணியாளர்களோட எதிர்ப்பால கைவிட்டுட்டாங்க, அந்த பழைய செய்திய நம்பி இன்னமும் சிலர் மாட்டறாங்க.

யாராவது நிறுத்தினா கத்திய நீங்களா பாக்கெட்லருந்து எடுத்து காட்டாதீங்க, இது உயிர் விஷயம். கை வெளிய தெரியற மாதிரி வெச்சுக்கிட்டு, "என் வலது பாக்கெட்ல ஒரு சின்ன மடக்கு கத்தி இருக்கு, நீங்களே எடுத்துக்கோங்க"ன்னு சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா உண்மைய ஒரே வரில சொல்லுங்க, அதுக்கு மேல கதை வேண்டாம். இது கலெக்‌ஷன் பீஸ், இதோட ஹிஸ்டரி இப்படின்னு ஆரம்பிக்காதீங்க, சேக்குறேங்கறது வீட்ல வெச்சிருக்கறதுக்கு காரணம், தெருவுல எடுத்துட்டு போறதுக்கு இல்ல. ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போனா வக்கீல் வேணும்னு கேளுங்க, கப்பல் ஏஜென்ட்டுக்கும் உங்க நாட்டு தூதரகத்துக்கும் தகவல் சொல்லணும்னு கேளுங்க, படிச்சு புரியாத எதுலயும் கையெழுத்து போடாதீங்க. கத்திய எடுத்துக்கிட்டா எழுத்துல ரசீது கேளுங்க. போன தடவ அப்படி ஏதாவது காகிதம் குடுத்திருந்தா அத பத்திரமா வைங்க, விசா ஃபார்ம்ல கைது ஆனீங்களான்னு கேள்வி வந்தா என்ன எழுதறதுன்னு அந்தக் காகிதத்த பாத்துதான் சொல்ல முடியும்.

வீட்டு கலெக்‌ஷன பத்தி பெருசா கவலைப்பட வேண்டாம், மடக்கு கத்திய சேத்து வீட்ல வெக்கறது பெரும்பாலான நாட்டுல குற்றம் இல்ல. ஆனா அதுல பட்டன் அழுத்தினா பாயற கத்தியோ பட்டாம்பூச்சி கத்தியோ இருக்கான்னு பாருங்க. பிரிட்டன்ல 2019 சட்டம் 2021ல அமலுக்கு வந்ததுலருந்து இத வீட்டு அலமாரில வெச்சிருக்கறதே குற்றம். கனடாவுல கிராவிட்டில, உதறல்ல, இல்ல பிடில இருக்கற பட்டன்ல தானா திறக்கறது தடை செஞ்ச ஆயுதம், பழைய கத்திகள்ல ஸ்பிரிங் தளர்ந்து போய் ஒரு உதறல்ல திறக்கறது உண்டு, அப்படி இருக்கறத அந்த நாட்டுக்கு தபால்ல அனுப்பாதீங்க. ஒவ்வொரு கத்திக்கும் ஒரு போட்டோ, பிளேடு நீளம், எங்க வாங்கினது, பில் இருந்தா பில், ஒரு நோட்ல எழுதி வைங்க.

தாத்தா கத்தி விஷயத்துல அவசரப்படாதீங்க. பிரச்சினை பிளேடு இல்ல, பிடி. கொம்புப்பிடி போட்ட பழைய பாக்கெட் கத்திகள்ல, இங்கிலாந்துல ஷெஃபீல்டுல செஞ்சது உட்பட, நிறைய நம்ம கடமான் கொம்புதான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல மான் கொம்புல செஞ்ச பொருளும் வருது, கத்தி எவ்வளவு பழசா இருந்தாலும் அனுமதி இல்லாம விக்கறதோ நாட்டவிட்டு அனுப்பறதோ பெரிய சிக்கல், தம்பிக்கு அன்பா அனுப்பறதுதானேன்னு கஸ்டம்ஸ் பாக்காது. யானைத்தந்தமா இருந்தா இன்னும் மோசம், அதுக்கு உலக அளவுல, அழியற நிலைல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்த கட்டுப்படுத்தற சைட்டீஸ் ஒப்பந்தம் இருக்கு, போய் சேர்ற நாட்டுலயும் தனிச் சட்டம் இருக்கலாம். ஆனா நிறைய "கொம்பு"ப் பிடி நிஜத்துல மாட்டெலும்ப செதுக்கி சாயம் போட்டதுதான், அதுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பிடியோட ரெண்டு பக்கமும், ஓரத்துல ஸ்பிரிங் தெரியற பக்கமும், நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்புங்க, பிளேடு அடில முத்திரை இருந்தா அதுவும் தெரியணும். பாத்துட்டு சொல்ற வரைக்கும் அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும், உங்க தம்பிகிட்டயும் கொஞ்சம் பொறுக்க சொல்லுங்க.